‘கோலியாத்’ தொடர்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

குடியில் விழுந்து தொழிலைத் தொலைத்த ஒரு வக்கீலின் கதை ‘கோலியாத்’. அமேசான் பிரைமில் வந்த அமெரிக்கத் தொடர். இதைப் பலருக்கும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பார்த்துவிட்டு வந்தவர்களில் சிலர் இரவெல்லாம் தூங்காமல் பார்த்ததாகச் சொன்னார்கள், சிலர் கோபத்தோடு வந்தார்கள். இரண்டு தரப்பும் கேட்டவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்து, என் பதிலையும் எழுதியிருக்கிறேன். கதையின் முடிவு தெரிந்துவிடக்கூடிய இடத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

"சுருக்கமா என்ன கதை? பார்க்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க."

பார்க்கலாம். முதல் சீசனையாவது அவசியம் பார்க்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கொடிகட்டிப் பறந்த வக்கீல் பில்லி மெக்பிரைட். இப்போது சாண்டா மோனிகா கடற்கரைப் பக்கம் ஒரு மலிவான மோட்டல் அறையில் கிடக்கிறார். பக்கத்தில் இருக்கும் ‘ஷே ஜே’ என்ற மதுக்கடைதான் அவருக்கு ஆபீஸ் மாதிரி. (அந்தக் கடை நிஜமானது, 1959இல் திறந்தது.) கடலில் படகு வெடித்து ஒருவர் இறந்திருக்கிறார். தற்கொலை என்று கோப்பை மூடிவிட்டார்கள். அதை ஏற்க முடியாத அவருடைய சகோதரி வக்கீல் தேடி அலைகிறார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களின் வழக்குகளை நடத்திக்கொண்டு, நடுவில் வீடு விற்றுக்கொடுக்கும் வேலையும் பார்க்கிற பேட்டி சோலிஸ்-பப்பாஜியன் என்ற பெண் வக்கீல் மூலம் அந்த வழக்கு பில்லியிடம் வந்து சேர்கிறது. எதிரில் நிற்பது போர்ன்ஸ் டெக் என்ற ஆயுத நிறுவனம். அந்த நிறுவனத்துக்காக வாதாடுவது ‘கூப்பர்மேன் மெக்பிரைட்’ என்ற மாபெரும் வக்கீல் நிறுவனம். பெயரிலேயே பார்த்திருப்பீர்கள், அதைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர் பில்லி.

"மொத்தம் எத்தனை சீசன்? வரிசையாத்தான் பார்க்கணுமா?"

நான்கு சீசன், சீசனுக்கு எட்டு எபிசோட், ஆக 32. முதலாவது 2016 அக்டோபரில் வந்தது, கடைசி 2021 செப்டம்பரில். ஒவ்வொரு சீசனிலும் புது வழக்கு, புது எதிரி. ஆனால் பில்லிக்கு நடப்பவை ஒரு சீசனிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ந்து வரும். மூன்றாவதின் முடிவில் நடப்பதைப் பார்க்காமல் நான்காவதற்குப் போனால், அவர் ஏன் அப்படி நடக்கிறார், ஏன் அடிக்கடி முகம் சுளிக்கிறார் என்பது புரியாது. வரிசையாகவே பாருங்கள்.

"வீட்டுல பெரியவங்க, பிள்ளைங்களோட உக்காந்து பார்க்கலாமா?"

கூடாது. வசைச்சொல், படுக்கையறைக் காட்சி, போதை எல்லாம் உண்டு. இரண்டாவது சீசனில் உடல் உறுப்பைத் துண்டிக்கும் காட்சிகள் இருக்கின்றன. பெரியவர்களிலும் பலருக்கு அவை தாங்காது.

"ஹீரோ சின்ன ஆளு, எதிரி பெரிய ஆளு. அப்ப ‘தாவீது’ன்னுதானே பேர் வச்சிருக்கணும்? ஏன் ‘கோலியாத்’?"

பைபிள் கதையில் கவண்கல்லால் அடித்தவன் தாவீது, விழுந்த ராட்சதன் கோலியாத். தொடரின் தலைப்பு ராட்சதனின் பெயரைச் சொல்கிறது. எதிர்த்தரப்பு நிறுவனம்தான் ராட்சதன், பெரும்பாலானோர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அது சரிதான். ஆனால் அங்கேயே நிற்கக் கூடாது என்பது என் எண்ணம்.

பில்லி எதிர்க்கிற ராட்சதனின் நெற்றியில் பில்லியின் பெயரே எழுதியிருக்கிறது. பணக்கார நிறுவனத்துக்காக எளியவர்களை எப்படி அலைக்கழிப்பது, ஆவணங்களை எப்படிக் குவித்து மூச்சுமுட்ட வைப்பது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி, ஏனென்றால் ஒரு காலத்தில் அதே பக்கம் நின்று செய்தவர் அவர். அவருடைய முன்னாள் மனைவி மிஷெல் இன்னும் அந்த நிறுவனத்தில் பங்குதாரர். பில்லி கல் எறிவது தான் கட்டிய வீட்டின் மேல். இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த எல்லாமே இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. பின்னால் வரும் சில பதில்களிலும் இதைத் திரும்பத் தொடுவேன்.

"எப்பப் பார்த்தாலும் குடிச்சுக்கிட்டே இருக்கார். திறமைசாலி ஏன் இப்படி ஆகணும்? எரிச்சலா வருது."

அவர் விழுந்த காரணத்தை முதல் சீசன் சொல்கிறது. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவனைப் பில்லி தன் திறமையால் வெளியே கொண்டுவந்தார். வெளியே வந்தவன் ஒரு குடும்பத்தையே கொன்றான். சட்டப்படி பில்லி செய்தது தப்பில்லை, குற்றவாளிக்கும் வக்கீல் வேண்டும். ஆனால் அந்தப் பதில் அவர் மனசுக்குப் போதவில்லை.

ஆகையால் அவருடைய குடியைத் தோல்வியடைந்தவனின் குடியாக நான் பார்க்கவில்லை. அவர் ஜெயித்த வழக்குதான் அவரைச் சாய்த்தது. வழக்கு வரும்போதெல்லாம் அவருக்குள் இருக்கும் தயக்கத்துக்கும் இதுவே காரணம். நன்றாக வாதாடினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். எரிச்சல் நியாயம்தான், பேட்டியே அவரைப் பலமுறை திட்டித் தீர்க்கிறார். குடியைத் தொடர் கொண்டாடவில்லை என்பதையும் கவனியுங்கள். மகள் டெனிஸ் அவரைப் பார்க்கும் பார்வையில் அதன் விலை தெரிகிறது.

"பில்லி பாப் தார்ன்டன் நடிக்கவே இல்லையே? சும்மா உக்காந்திருக்கார், முணுமுணுக்கிறார். இதுக்கா விருது?"

2017 ஜனவரியில் பில்லி மெக்பிரைட் வேடத்துக்காக அவருக்குக் கோல்டன் குளோப் கிடைத்தது, சிறந்த நாடகத் தொடர் நடிகர் என்று. கொடுத்தது தகும் என்றே நான் சொல்வேன்.

வக்கீல் என்றாலே குரலை உயர்த்தி வசனம் பேசுவார் என்று எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். இவர் எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார். கோர்ட்டில் ஒரு சாட்சி பொய் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள், கண் மட்டும் கொஞ்சம் சுருங்கும். கேள்வி அதற்குப் பிறகுதான், அதுவும் மெதுவாக. நல்ல குறுக்கு விசாரணையில் பாதி வேலை கேட்பதுதான். மெலிந்த உடம்பு, தொளதொள சட்டை, பேச்சில் அவசரமே இல்லாத இழுவை, எல்லாம் சேர்ந்து பல வருடம் தூங்காத ஆளைக் கண்முன் நிறுத்துகின்றன. வசனத்தை விட்டுவிட்டு முகத்தை மட்டும் பார்த்தபடி ஒரு எபிசோடை ஓட்டிப் பாருங்கள்.

"கூப்பர்மேன் இருட்டு அறையில உக்காந்துக்கிட்டு கையில ஏதோ ‘க்ளிக் க்ளிக்’னு அழுத்திக்கிட்டு... ரொம்ப ஓவரா இல்ல?"

டொனால்ட் கூப்பர்மேனாக நடித்தவர் வில்லியம் ஹர்ட், 2022இல் காலமானார். பாதி முகம் தீக்காயத்தால் சிதைந்தவர், வெளிச்சம் இல்லாத அறையில் இருந்துகொண்டு நிறுவனத்தையே ஆட்டிப்படைக்கிறார். பார்த்தவர்கள் இரண்டாகப் பிரியும் இடம் இது. ‘சூப்பர் ஹீரோ படத்து வில்லனை வக்கீல் கதைக்குள் ஏன் நுழைத்தார்கள்’ என்று கேட்பவர்கள் ஒருபுறம். அவர் வரும் காட்சிக்காகவே காத்திருந்தவர்கள் மறுபுறம்.

முதல் மூன்று எபிசோட் வரை நானும் முதல் கட்சி. பிறகு மாறிவிட்டேன். கூட்டாளி பிரிந்துபோனதும் பில்லி கடற்கரையில் குடித்துக் கிடக்கிறார், கூப்பர்மேன் இருட்டில் அடைந்து கிடக்கிறார். ஒரே நிறுவனத்தைக் கட்டிய இருவர், இருவருமே வெளியுலகத்துக்கு முகம் காட்ட முடியாதவர்கள். அதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த இருட்டு எனக்கு அலங்காரமாகத் தெரியவில்லை. சீசனின் பிற்பகுதியில் அவர் அந்த அறையைவிட்டு வெளியே வரும்போது அது ஒரு நிகழ்வாகவே இருக்கிறது. ஆனாலும் அந்தக் க்ளிக் சத்தத்தை இவ்வளவு பயன்படுத்தியிருக்க வேண்டாம். அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன்.

"பில்லி கையில பைசா இல்ல. அவ்வளவு பெரிய கம்பெனி மேல எப்படிக் கேஸ் நடத்த முடியும்?"

அமெரிக்காவில் இப்படிப்பட்ட நஷ்டஈட்டு வழக்குகளில் வக்கீல் முன்பணம் வாங்குவதில்லை. ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று, சில சமயம் நாற்பது சதவீதம்வரை. தோற்றால் பீஸ் இல்லை. ஏழைக் கட்சிக்காரர் பெரிய நிறுவனத்தைக் கோர்ட்டுக்கு இழுக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான். (இந்தியாவில் வக்கீல் இப்படி வெற்றியில் பங்கு பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி எழுவது அதனால்தான்.)

ஆனால் பீஸ் இல்லை என்றாலும் செலவு உண்டு. நிபுணர் சாட்சி, ஆவண நகல், வாக்குமூலப் பதிவு எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கை இழுத்துக்கொண்டே போனால் சின்ன வக்கீல் மூச்சுத் திணறிப்போவார். பேட்டி கணக்குப் பார்த்துப் புலம்பும் காட்சிகளைச் சிரிப்புக்காக வைத்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் புலம்பல்தான் வழக்கின் உண்மையான போர்க்களம்.

"கோர்ட் காட்சி எல்லாம் நிஜத்துல இப்படித்தான் நடக்குமா?"

எழுதி உருவாக்கிய இருவருமே சட்டம் தெரிந்தவர்கள். டேவிட் இ. கெல்லி பாஸ்டனில் வக்கீலாக இருந்தவர், ஜோனதன் ஷப்பிரோ அரசு தரப்பு வக்கீலாக இருந்தவர். அதனால் முதல் சீசனில் அடித்தளம் உறுதியாக இருக்கிறது. ஆவணத்தைக் கேட்டால் பெட்டி பெட்டியாகக் கொட்டி அதற்குள் தேவையானதை ஒளித்து வைப்பது, சாட்சியை மிரட்டிப் பின்வாங்க வைப்பது, தீர்ப்புக்கு முன் பெரிய தொகை காட்டிச் சமரசம் பேசுவது எல்லாம் நடக்கிறவைதான். சமரசத்தை ஏற்பதா வேண்டாமா என்பது வக்கீலின் முடிவு அல்ல, கட்சிக்காரரின் முடிவு. இதுவும் சரியாக வந்திருக்கிறது.

ஜூரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் சிவில் வழக்கில் பன்னிரண்டு ஜூரர்களில் ஒன்பது பேர் ஒத்துப்போனால் போதும். குற்றத்தைச் சந்தேகமின்றி நிரூபிக்க வேண்டியதும் இல்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ‘இவ்வளவு ஓட்டை ஆதாரத்தை வச்சு எப்படி?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பொய்யானது வேகம். பல வருடம் இழுக்கும் வழக்கு இங்கே சில வாரங்களில் விசாரணைக்கு வந்துவிடுகிறது. எதிர்த்தரப்பு நிறுவனத்தின் பங்குதாரரும் வாதியின் வக்கீலும் முன்னாள் தம்பதி என்ற நிலையை நிஜ நீதிபதி இவ்வளவு எளிதாக விடமாட்டார் என்றும் நினைக்கிறேன்.

"பொண்ணுங்களை எழுதின விதம் சரியில்லைன்னு படுது. நீங்க என்ன சொல்றீங்க?"

பாதி ஒத்துக்கொள்கிறேன். பேட்டியாக வரும் நீனா அரியாண்டா இல்லாவிட்டால் இந்தத் தொடர் நிற்காது. பில்லி மூழ்கும் ஒவ்வொரு தடவையும் தலைமுடியைப் பிடித்து இழுப்பவர் அவர். வாய் நீளம், பயம் உண்டு, பயந்துகொண்டே முன்னால் போகிறவர். நான்கு சீசனிலும் மெய்யாக வளர்கிற ஒரே பாத்திரம் அவர்தான் என்றுகூடச் சொல்லலாம். பாலியல் தொழிலிலிருந்து வந்து வழக்கு வேலையைக் கற்றுக்கொள்ளும் பிரிட்டனியையும் தொடர் மரியாதையோடு நடத்த முயல்கிறது.

எனக்கு வருத்தம் கூப்பர்மேன் அலுவலகப் பெண்களை எழுதிய விதத்தில். திக்குவாய் இருந்தும் கோர்ட்டில் எழுந்து நிற்கத் துணிகிற இளம் வக்கீல் லூசி அருமையான பாத்திரம். அவளுடைய போராட்டத்தை விட்டுவிட்டு, கூப்பர்மேனுக்கு அவள்மேல் இருக்கும் ஈர்ப்பைச் சுற்றியே காட்சிகளை அமைத்துவிட்டார்கள். மூத்த வக்கீல் காலியாக வரும் மாலி பார்க்கரின் திறமைக்கும் அதே கதி. அதிகாரத்தின் அசிங்கத்தைக் காட்டவே அப்படி எழுதியதாகச் சிலர் வாதிடுகிறார்கள். காட்ட வேண்டியது இரண்டு காட்சியில் முடிந்துவிட்டது, மீதியெல்லாம் வேண்டாத நீளம்.

"ரெண்டாவது சீசன் பாதியில நிறுத்திட்டேன். என்னதான் ஆச்சு அவங்களுக்கு?"

என்னிடம் வந்த கேள்விகளிலேயே அதிகம் வந்தது இதுதான். 2018 ஜூனில் வந்த சீசன். நண்பர் ஆஸ்கரின் பதினாறு வயது மகன் மேல் இரட்டைக் கொலை வழக்கு. பில்லிக்கு இஷ்டமே இல்லாமல் உள்ளே இழுக்கப்படுகிறார். தொடக்கம் மிக வலுவானது, லூ டயமண்ட் பிலிப்ஸ் அந்தத் தகப்பனாக நெஞ்சைப் பிசைகிறார். பிறகு மேயர் தேர்தலில் நிற்கும் மாரிசோல், நகரத்தின் நிலத்தை வளைக்கும் டாம் வயட், போதைக் கடத்தல் கும்பல் என்று கதை விரிகிறது. வயட்டின் வக்கிரம் உடல் உறுப்புகளைச் சுற்றியது. அங்கேதான் பலரும் ரிமோட்டை எடுத்தார்கள்.

கெல்லி முதல் சீசனோடு அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார், அதனால்தான் கெட்டுப்போனது என்பது பரவலான கருத்து. அது முழுக் காரணம் இல்லை என்பேன். முதல் சீசனில் எதிரி யார், எங்கே இருக்கிறான் என்று நமக்குத் தெரியும், ஆகவே ஒவ்வொரு மனுத்தாக்கலும் ஒரு கல்லெறி. இரண்டாவதில் வழக்கு நடக்கிற கோர்ட்டுக்கு வெளியேதான் எல்லாம் தீர்மானமாகிறது. பில்லியின் வாதத் திறமைக்கு அங்கே வேலை இல்லை. வக்கீல் கதை பார்க்க உட்கார்ந்தவர் வேறு கதைக்குள் வந்து சேர்ந்தால் ஏமாற்றம் வராமல் இருக்குமா?

அப்படியும் அது வீண் சீசன் இல்லை. சட்டத்தால் தொட முடியாத இடத்தில் அதிகாரம் இருந்தால் நல்ல வக்கீலால் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறது. கேள்வி நல்ல கேள்வி. கோரத்தைக் குவித்து அதை மூடிவிட்டார்கள். நிறுத்தியவர்கள் கடைசி இரண்டு எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

"மூணாவது சீசன்ல எது கனவு, எது நிஜம்னே புரியல. தண்ணி விஷயம் உண்மையா?"

கனவுகளை முழுதாகப் பிரித்தெடுக்க முயலாதீர்கள். கிரகாம் கிரீன் நடித்த லிட்டில்குரோவின் காசினோவுக்குள் நுழைந்த பிறகு மயக்கமும் விழிப்பும் கலந்தே வரும். எனக்கே சில இடங்கள் நீளமாகப் பட்டன.

தண்ணீர் விஷயம் உண்மையிலிருந்து எடுத்தது. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் கதை நடக்கிறது. பில்லியின் பழைய தோழி ஒருத்தி, நிலம் திடீரென்று உள்வாங்கியதில் இறந்துபோகிறாள். பாதாம் தோட்டங்களுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சும் பெரும் பண்ணையார் வேட் பிளாக்வுட் மேல் சந்தேகம். டென்னிஸ் குவெய்ட் நடித்திருக்கிறார். பிளாக்வுட் கற்பனைதான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் நீரை இறைத்து இறைத்து நிலம் தாழ்ந்தது கற்பனை இல்லை. மென்டோட்டா அருகே 1925க்கும் 1977க்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இறங்கியது. மூன்று மாடி உயரம்! 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி. நடுவில் 2014இல்தான் கலிபோர்னியா நிலத்தடி நீருக்கென்று மாநிலம் முழுமைக்கும் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை நிலம் யாருடையதோ, கீழே இருக்கும் நீரையும் பெரும்பாலும் அவர் விருப்பப்படி எடுக்கலாம் என்ற நிலை. இது தெரிந்து பார்த்தால், கிராமத்துக் குழாயில் நீர் வராத காட்சிகள் வேறு மாதிரி உறைக்கும்.

"நாலாவது சீசன் சுத்தமா வேற தொடர் மாதிரி இருக்கே?"

ஆமாம், களம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு மாறுகிறது. பேட்டி அங்கே பெரிய வக்கீல் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். ஒளி, இசை, தெரு எல்லாம் பழைய துப்பறியும் படங்களின் சாயலில் இருக்கின்றன. எதிரி இப்போது வலி நிவாரண மாத்திரை விற்றுப் பணக்காரரான ஜாக்ஸ் குடும்பம். தலைவராக ஜே. கே. சிம்மன்ஸ் வருகிறார்.

குடும்பம் கற்பனை, பிரச்சினை கற்பனை இல்லை. பர்டியூ பார்மா என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் 1996இல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது அடிமைப்படுத்தும் அபாயத்தைக் குறைத்துக்காட்டி விற்றதாக 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 2020இல் வேறு குற்றங்களையும் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. இந்த வழக்கைப் பில்லியிடம் கொடுத்ததுதான் எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம். குண்டடி பட்டுத் தீராத வலியோடு இருக்கும் மனிதர், அதுவும் ஏற்கெனவே ஒரு போதைக்கு அடிமையானவர், வலி மாத்திரை நிறுவனத்தை எதிர்க்கிறார். தலைப்பைப் பற்றி மேலே சொன்னது இங்கே வேறு வடிவில் திரும்ப வருகிறது. இந்த முறையும் ராட்சதனின் ஒரு பகுதி பில்லியின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. முதல் சீசனுக்கு அடுத்து எனக்குப் பிடித்தது இதுதான்.

"ஜெயிச்ச பிறகும் அந்த ஆள் முகத்துல சந்தோஷமே இல்லையே. அப்ப எதுக்கு இத்தனை பாடு?"

முதல் சீசனின் முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.

போர்ன்ஸ் வழக்கில் பில்லி ஜெயிக்கிறார், பணமும் வருகிறது. இரண்டாவது சீசன் தொடங்கும்போது மாளிகை, சூட், புது ஆபீஸ் என்று எதிர்பார்ப்போம். மனிதர் அதே கடற்கரையோரத்தில், அதே மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். ‘திரைக்கதையில் வளர்ச்சி இல்லை’ என்று குறை சொன்னவர்களிடம் நான் வாதாடியிருக்கிறேன். குடிக்குக் காரணம் பணமின்மை என்றால் பணம் வந்ததும் தீர்ந்திருக்கும். அவரை விழுத்தாட்டியது ஒரு வெற்றி என்று முன்பே பார்த்தோம். இன்னொரு வெற்றி அதை எப்படிச் சரிசெய்யும்? செத்துப்போன அந்தக் குடும்பம் திரும்பி வராது, அவர் அதை மறக்கவும் இல்லை.

பாடு எதற்கென்றால், அந்தச் சகோதரிக்காக. தம்பி தற்கொலை செய்துகொண்டான் என்று கோப்பில் எழுதியதை மாற்ற அவளுக்கு வேறு வழி இல்லை.